பிரசங்கம் நீள வேண்டும்

“முடிவாக” என்று குருவானவர் சொன்னதும் கோயில் முழுக்க ஒரு நிம்மதி பரவியது. ஜெயசிங் மட்டும் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தான். அதற்குள்ளாகவா? பேசும், ஐயா, இன்னும் பேசும், பேச விஷயத்துக்கா பஞ்சம்? மற்ற ஞாயிறுகளில் இந்த மனுஷன் முடிவாக என்று சொன்ன பிறகுதான் சூடு பிடிப்பார், பெண்கள் பக்கம் பைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்புறம் ஒவ்வொன்றாக மறுபடி கீழே வைப்பார்கள். இன்றைக்கென்று பார்த்துச் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டால் என்ன செய்வது? பாடகர் குழுவின் பெஞ்சில், தூணை ஒட்டிய ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, எதிரே ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் பேஸ் கிட்டாரையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கோயிலுக்குச் சொந்தமான கிட்டார், கறுப்பு, நாலு கம்பி. அதன் அடிப்பக்கத்தில் வயர் செருகியபடியே இருக்கிறது. வயர் இருக்கும்வரை அதன் முதுகுக்குள் இருக்கும் ஒன்பது வோல்ட் சதுர பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். இந்த மாதிரி கிட்டாருக்குத் தனியாக சுவிட்ச் கிடையாது. வயரைச் செருகினால் உயிர் வரும், உருவினால் அடங்கும். வாசித்தாலும் சும்மா வைத்தாலும் ஒன்றுதான், சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்தாலும் ஒன்றுதான், உள்ளே அது பாட்டுக்குத் தீரும். நல்ல பேட்டரி என்றால் ஒரு பிரசங்கத்துக்கெல்லாம் அசையாது, நாள் கணக்கில் செருகிக் கிடந்தாலும் தாங்கும். ஆனால் இப்போது உள்ளே கிடப்பது நல்ல பேட்டரி இல்லை. அது ஜெயசிங்குக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் காலையில் அதைப் போட்டவனே அவன்தான்.

அவனாகத் தேடிப் போய்ச் செய்த காரியமா இது? செய்ய வைத்தார்கள். செய்ய வைத்தவன் அதோ, டிரம்ஸ் பக்கத்தில், சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு, பிரசங்கத்தில் உருகுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆசீர். மனைவி மேபலின் தம்பி, ஜெயசிங்கின் சொந்த மச்சினன். மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டுப் பாளையங்கோட்டைக்கே திரும்பி வந்து சேர்ந்தவன். அவன் வரும்வரை இந்தக் கிட்டாரை ஜெயசிங்கைத் தவிர ஒருத்தரும் தொட்டதில்லை. வந்தான், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு என்று பங்கு கேட்டான், கொயர் மாஸ்டர் ராஜரத்தினம் சாரும் தாராளப் பிரபுவாகத் தூக்கிக் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது சனி. எடுக்கும்போதெல்லாம் பேட்டரி செத்துக் கிடக்கும். வாசித்துவிட்டு வயரை உருவாமல் போயிருப்பான், வாரம் பூராவும் பீரோவுக்குள் பேட்டரி தீர்ந்திருக்கும். ஈஸ்டர் ஆராதனையில், புது வேட்டி சட்டையில், கோயில் நிரம்பி வாசல்வரை ஆள் நிற்கும்போது, ஜெயசிங் அடித்த முதல் அடி கரகரவென்றது, அடுத்தது தொண்டை கட்டிய குரலாக வந்தது, அதற்குப் பிறகு வரவேயில்லை. கேட்டால், “நான் உருவிட்டுதான் போனேன், அத்தான்தான் மறந்துருப்பாவ” என்று ஆசீர் ஒவ்வொருத்தரிடமும் போய்ச் சொன்னான். இவன் அவனைச் சொல்ல, அவன் இவனைச் சொல்ல, ராஜரத்தினம் சார் ஒரு சட்டம் போட்டார்: செருகியவன்தான் உருவ வேண்டும், ஒருத்தன் செருகிய வயரில் மற்றவன் கை வைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் பேட்டரி செத்தது. போன வாரம் பயிற்சியில் அவர் பாட்டுப் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். “ஒரு டும் டும்முக்கு ரெண்டு ஆளு, அதுல தெனம் ஒரு பஞ்சாயத்து. எனக்கு ஒராளு போதும். வார ஞாயித்துக்கெழம பிரசங்கத்துக்கு முன்னால ஜெயசிங்கு வாசிக்கட்டும், பின்னால ஆசீர் வாசிக்கட்டும். எவன் தேறுதானோ அவன் இருக்கட்டும். மத்தவன் கீழ போயி சபையோட உக்காந்து பாடட்டும்.” சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கீழே போய் உட்காருவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியுமா? ஆசீரின் ஞாயிறுகளில் ஆண்கள் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரியும். கைகளை எங்கே வைப்பது என்றே புரியாது. மடியில் வைத்தால் மடியில் கனக்கும், கட்டிக்கொண்டால் பக்கத்து ஆள் பார்ப்பான். வாரம் பூராவும் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவி, வாத்தியார்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, வீட்டுக்கு வந்து மேபல் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, கழுத்தே அதற்காகத்தான் படைக்கப்பட்டது என்று ஆகிப்போன பிறகு, இந்தத் தூணோரம் உட்கார்ந்து அடிக்கம்பியை ஒரு தட்டுத் தட்டினால் தரை அதிர்வது உள்ளங்கால் வழியாக ஏறும். அந்த ஒரு மணி நேரம் அவன் யாருக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. அது அவனுக்கு வேண்டும். எத்தனை வேண்டும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் அதை எடுத்துவிட்டால் அவனிடம் வேறெதுவும் மிச்சமில்லை என்று தெரியும். அதையும் யாருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? இவனுக்கா? “அத்தான் வாசிச்சா ஃபேன் ஓடுத மாதிரிதான்க்கா, ஓடுதுன்னு தெரியும், காத்துதான் வராது” என்று சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சொன்னவனுக்கா? அவன் சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம். மேபல் சிரித்தாளே. வாயில் மீன் துண்டை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, “ஏல, முள்ளு குத்திரப் போவுது, சும்மா இரு” என்று தம்பியின் தோளில் தட்டினாளே. ஜெயசிங்கும் சிரித்தான். சிரித்ததுதான் இன்றுவரை ஆறவில்லை. ஒரு வார்த்தை திருப்பிக் கொடுத்திருக்கலாம், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கலாம், இவன் சிரித்தான், குழம்பு ஊற்றச் சொல்லிக் கேட்டான்.

ஆய்வக அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த பழைய பேட்டரிகளில் நாலைந்தை எடுத்து வந்திருந்தான். மீட்டர் வைத்துப் பார்க்கலாம்தான், ஆனால் நாக்கு பொய் சொல்லாது. காலையில் பாடகர் குழு அறைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கில் வைத்தான். நல்லது சுரீரென்று கடிக்கும். செத்தது வெறும் தகரமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று லேசாகப் புளித்தது, சாகப்போகிறதும் சாகாததுமாக. அதுதான். மூன்று பாட்டுத் தாங்கும், பிரசங்கம் முடியும்போது விழும் என்று கணக்குப் போட்டு, கிட்டாரின் முதுகு மூடியைத் திறந்து நல்லதை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அதை உள்ளே வைத்தான். அந்தத் தகரப் புளிப்பு இன்னும் நாக்கிலிருந்து போகவில்லை. எச்சில் ஊறுகிறது, விழுங்குகிறான், மறுபடி ஊறுகிறது. மூன்றாவது பாட்டிலேயே ஒரு இடத்தில் கரகரத்தது. யாரும் கேட்டிருப்பார்களா? ராஜரத்தினம் சார் தலையைத் திருப்பினார், ஆனால் அவர் பாட்டு நடக்கும்போது எதற்கெடுத்தாலும் தலையைத் திருப்புகிறவர். கேட்டிருக்க மாட்டார். கேட்டிருந்தாலும் கம்பி என்று நினைத்திருப்பார். ஒருவேளை கேட்டு, புரிந்து, இப்போதே பேட்டரியை மாற்றச் சொல்லிவிட்டால்? ஆண்டவரே, என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திக்கொண்டான். என்ன கேட்பது? பிரசங்கத்தை நீட்டும் என்றா? அவருடைய வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, அவருடைய ஊழியக்காரனின் வாயை வைத்து, என் மச்சினனின் மூக்கை உடையும் என்றா? கேட்டால்தான் என்ன, எத்தனை பேர் எத்தனையோ கேட்கிறார்கள். கேட்கவில்லை. கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். அப்போதுதான் தொடையில் சூடு தெரிந்தது. முதலில் வெயில் என்று நினைத்தான், ஜன்னல் அந்தப் பக்கமே இல்லை. சூடு ஏறியது, சுட்டது, இது எதற்கான சூடு, எங்கிருந்து வருகிற சூடு என்று ஒரு கணம் உண்மையாகவே பயந்துபோனான். பையில் கைவிட்டால், எடுத்துப் போட்ட நல்ல பேட்டரியின் இரண்டு முனையிலும் வீட்டுச் சாவிக்கொத்து விழுந்து கிடக்கிறது, கொதிக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு தடவை எச்சரிக்கிற சமாச்சாரம். கைக்குட்டையில் சுற்றி மறுபையில் வைத்தான். விரல் நுனி எரிந்தது. நியாயம் என்று ஒன்று இருந்தால் ஆசீரின் பையில் அல்லவா இது கொதித்திருக்க வேண்டும்?

குருவானவர் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ரயிலில் மேல் படுக்கை கிடைக்காத கதைக்கு வந்துவிட்டார். அது வழக்கமாகப் பாதியில் வரும் கதை, நல்ல சகுனம். ஜெயசிங் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தான். வயரை ஏன் உருவவில்லை என்று பின்னால் யாராவது கேட்டால் பதில் தயாராக இருந்தது: உருவினால் ஸ்பீக்கரில் டப்பென்று வெடிக்கும், பிரசங்கத்தின் நடுவில் வெடிக்க விடலாமா? மரியாதை தெரிந்த எவனும் உருவமாட்டான். இந்தப் பதிலை அவன் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. ஃபேன்கள் தளர்ந்து நின்றன. ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு விளக்கு அணைந்தது. குருவானவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, சொந்தக் குரலில், இன்னும் உரக்க, ரயிலை மேலே ஓட்டினார். ஜெயசிங்குக்கு உடம்பு கூசியது. இப்போது உருவினால் சத்தம் வராது. ஒரு சின்ன டப்புகூட வராது. ஊரே இருட்டானாலும் பேட்டரி மட்டும் உள்ளே தீர்ந்துகொண்டுதான் இருக்கும், ஸ்பீக்கர் செத்திருப்பது அதற்குத் தெரியாது. இந்தக் குழுவில் அது தெரியாதவர்கள் யாரும் இல்லை, ஆறு மாதமாக இதைப் பற்றியேதான் சண்டை. எழுந்து இரண்டு எட்டு வைத்து உருவ வேண்டியதுதான். செருகியவன் அவன்தான். எழுந்திரு என்று தன் காலுக்குச் சொன்னான், கால் கேட்டுக்கொண்டு அங்கேயே இருந்தது. ஆசீரின் தலை திரும்புவது தெரிந்தது. முதலில் அணைந்த சிவப்பு விளக்கைப் பார்த்தான், பிறகு வயரைப் பார்த்தான், பிறகு நேராக ஜெயசிங்கைப் பார்த்தான். ஜெயசிங் பொறுமையைப் பற்றிய பிரசங்கத்தைக் கவனித்தான். இப்படி உன்னிப்பாக அவன் எந்தப் பிரசங்கத்தையும் கவனித்ததில்லை. காது இரண்டும் சுட்டன. ஆசீர் பார்த்துக்கொண்டே இருக்கிறான், பார்க்கட்டும், பார்வையால் வயர் உருவிக்கொண்டு வந்துவிடாது. சட்டம் இருக்கிறதல்லவா, எழுந்து கை வைக்கட்டும் பார்க்கலாம், ராஜரத்தினம் சார் முன்னாலேயே கை வைக்கட்டும். ஆசீர் எழுந்திருக்கவில்லை. கழுத்தைச் சொடக்கெடுத்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டான். பயல் புரிந்துகொண்டான். புரிந்துகொண்டானா? புரிந்துகொண்டவன் ஏன் சும்மா இருக்கிறான்? இரண்டு பக்கமும் வேர்வை ஒழுக ஜெயசிங் அதையே சுற்றிச் சுற்றி வந்தான். கரண்ட் வந்து ஃபேன்கள் மறுபடி முனகத் தொடங்கியபோது யாரோ தன்னைக் காப்பாற்றியது போல இருந்தது, யார் என்று யோசிக்க அவன் விரும்பவில்லை.

பிரசங்கம் முடிந்தது. நன்றாகவே நீண்டிருந்தது, பின்வரிசையில் குழந்தைகள் தூங்கிவிட்டன. காணிக்கைப் பாட்டுக்குச் சபை எழுந்தது. ஆசீர் போய்க் கிட்டாரைத் தோளில் மாட்டினான், வயரை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தான். முதல் வரி நன்றாக வந்தது. இரண்டாவது வரியும் நன்றாக வந்தது, சொல்லப்போனால் இவனைவிட நன்றாக வந்தது, பயலுக்குக் கை இருக்கிறது, கை இருப்பதுதான் வயிற்றெரிச்சல். சாகு, சாகு என்று உள்ளே சொல்லிக்கொண்டே உதட்டால் சபையோடு பாடினான். மூன்றாவது வரியில் கரகரத்தது. ஆசீர் சட்டென்று இவன் பக்கம் பார்த்தான். அடுத்த அடி மெலிந்து வந்தது. அதற்கடுத்தது வரவில்லை. இப்போது திரும்புவார்கள். மாஸ்டர் திரும்புவார், சபை திரும்பும், ஆசீர் கையை எடுத்துவிட்டு முழிப்பான், அந்த முழியை மேபல் பார்ப்பாள். ஈஸ்டர் அன்றைக்கு இவன் முழித்ததை எல்லோரும் பார்த்தார்களே, அப்படிப் பார்ப்பார்கள். ஆசீர் கையை எடுக்கவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், கண்ணை லேசாக மூடிக்கொண்டு, வராத சத்தத்தை வாசித்துக்கொண்டே இருந்தான். விரல்கள் சரியான இடத்தில் இறங்கின, சரியான இடத்தில் ஏறின. ஒருத்தரும் திரும்பவில்லை. காணிக்கைப் பை வரிசை வரிசையாக நகர்ந்தது. மேபல் வாயகலத் திறந்து பாடிக்கொண்டிருந்தாள். தாழ்ந்த சுருதியில் பாடும் அல்டோ பெண்கள் பாடுவது ஒவ்வொரு குரலாகக் கேட்டது, அங்கே மூன்று பேர் மூன்று விதமாக இழுப்பார்கள் என்பதே ஜெயசிங்குக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. பின்வரிசைக் கிழவர்களின் குரல் கூரைவரை எழுந்தது. ராஜரத்தினம் சார் கையை உயர்த்தி, கடைசிச் சரணத்தை இன்னொரு தடவை பாட வைத்தார். அப்படி அவர் செய்து பல வருஷம் இருக்கும்.

ஆசீர்வாதம் கூறி முடிந்து கூட்டம் வாசலுக்கு நகர ஆரம்பித்ததும் மாஸ்டர் இருவரையும் தூணோரம் அழைத்தார். முகம் கனிந்திருந்தது. “ஜெயசிங்கு, நீ வாசிச்சது ஒண்ணும் மோசமில்ல. ஆனா மூணாவது பாட்டுல ஒரு கரகரப்பு கேட்டுது. கைய ரொம்ப அமுக்குத. இவன் என்ன செஞ்சான்னு பாத்தியா? மொத ரெண்டு வரி இருந்தான், அப்புறம் இருக்க எடமே தெரியல. பாட்ட மேல விட்டுட்டு ஒதுங்கிக் கெடந்தான் பாரு, அதத்தான் வருசக்கணக்கா நான் சொல்லிச் சொல்லி மாயுதேன். இன்னிக்கு சபை பாடிச்சுல்லா? இவனே இருக்கட்டும். உனக்கு வருத்தம் இல்லியே?” ஜெயசிங் வாயைத் திறந்தான். அவன் ஒதுங்கிக் கிடக்கவில்லை சார், அவன் வாசிக்கவே இல்லை, பேட்டரி செத்துவிட்டது. இவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த கேள்வி, காலையில் பேட்டரி போட்டது யார்? அதற்கடுத்த கேள்வி, கரண்ட் போனபோது எழுந்து உருவினால் என்ன? மூடிக்கொண்டான். ஆசீர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லுவான், இதோ சொல்லப்போகிறான் என்று ஜெயசிங் பைக்குள் இருந்த கைக்குட்டையை இறுக்கிப் பிடித்தான். ஆசீர் அவசரப்படவில்லை. சட்டைக் கையை நிதானமாக இறக்கிவிட்டு, பொத்தானைப் போட்டான். “நான் என்ன சார் செஞ்சேன்? எல்லாம் அத்தான் போட்டுக் குடுத்ததுதான்” என்றான். மாஸ்டருக்கு அது பணிவாகத் தெரிந்தது, அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். ஜெயசிங் அறை வாங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். மேபல் பையைத் தோளில் மாட்டியபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சேதி அதற்குள் அவளுக்கு எட்டியிருந்தது. முதலில் தம்பியின் கையைப் பிடித்தாள், பிறகுதான் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“வருத்தப்படாதிய, என்ன. நீங்களும் எவ்ளோ வருசம் வாசிச்சிட்டிய. ஆனாலும் அந்தக் காணிக்கைப் பாட்டு, எனக்கு அழுகையே வந்துட்டு. எந்தம்பி என்னமா வாசிச்சான், கேட்டியளா?”

“கேட்டேன்” என்றான் ஜெயசிங். “நல்லா வாசிச்சான்.”